லிட்டில் மோர்ட்டன் ஹால் காலி வீடுதான், ஆனா மரவேலை தெரிஞ்ச அப்பாவ கூட்டிட்டு போறீங்கன்னா அரை மணி நேரம் பத்தாது

நீங்க கேட்டது இதுதான்: ஊர்ல இருந்து அப்பா அம்மா வந்திருக்காங்க, மான்செஸ்டர்ல தங்கியிருக்கீங்க, அப்பா நாப்பது வருஷம் மரப்பட்டறை வச்சிருந்தவர், அம்மாவுக்கு முட்டி வலி, செஷயர் மாவட்டத்துல இருக்குற லிட்டில் மோர்ட்டன் ஹால்ங்கற ஐநூறு வருஷத்து மர வீட்டுக்கு ஒரு நாள் போலாமா, ஏன்னா உங்க ஃப்ரெண்ட் ஒருத்தர் "அங்க உள்ள ஒண்ணுமே இல்ல, காலி ரூம், அரை மணி நேரத்துல முடிஞ்சிடும், வெளிய நின்னு போட்டோ எடுத்துட்டு வந்துடு"ன்னு சொல்லிட்டாராம்.

போங்க. கண்டிப்பா போங்க. உங்க ஃப்ரெண்ட் சொன்னதுல ஒரு பாதி உண்மை, ரூம் எல்லாம் பெரும்பாலும் காலிதான், ஆனா எனக்கு அந்த வீடு பிடிச்சதே அதனாலதான். நான் இங்கிலாந்துல பழைய கட்டிட ரிப்பேர் பக்கம் வேலை பாக்குறேன், இந்த வீட்டுக்கு ஏழெட்டு தடவ போயிருக்கேன், ஒவ்வொரு தடவையும் புதுசா ஏதோ ஒரு மர மூட்டு கண்ணுல படுது. கட்டில், திரைச்சீலை, தங்க ஃப்ரேம் போட்ட படம் எல்லாம் நிறைஞ்சிருக்குற மாளிகைல நாம அதத்தான் பாப்போம், வீட்ட பாக்க மாட்டோம். இங்க வீடு மட்டும்தான் இருக்கு, அதுவும் தச்சன் விட்டுட்டு போன மாதிரியே சட்டமும் கழுந்துமா (கழுந்துன்னா இன்னொரு மரத்தோட துளைல சொருக முனைல சீவி எடுக்குற நாக்கு) கண்ணு முன்னாடி நிக்குது. உங்க அப்பா மாதிரி ஒருத்தர் பாக்குறதுக்குன்னே வச்ச மாதிரி ஒரு இடம்.

முதல்ல வெளிய இருந்து ஆரம்பிக்கிறேன். வீடு காங்கிள்டன் ஊருக்கு தெற்கால, ஏ34 ரோடு ஓரமா இருக்கு. பார்க்கிங்ல இருந்து நடந்து வரும்போது முதல்ல தெரியுறது அகழிக்கு அந்தப்பக்கம் நிக்குற தெற்கு முகப்பு. மூணு மாடி, எல்லாமே கருப்பு வெள்ளை கட்டம், மேல் மாடி கீழ் மாடிய விட வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும், மொத்த வீடும் ஒரு பக்கமா நெளிஞ்சு, நடுவுல தொய்ஞ்சு, இப்பவோ அப்பவோ தண்ணிக்குள்ள இறங்கிடும்ங்கற மாதிரி நிக்கும். எல்லாரும் அங்கதான் போட்டோ எடுப்பாங்க, எடுங்க. ஆனா அகழிய கொஞ்ச நேரம் பாருங்க, சுமார் 33 அடி அகலம், வீட்டையும் தோட்டத்தையும் சேத்து ஏறக்குறைய ஒரு ஏக்கர சுத்தி வருது. சண்டைக்கு வெட்டுன அகழின்னு நினைப்போம், ஆனா சண்டைக்காக வெட்டுனதுன்னு சொல்ல எந்த ஆதாரமும் இல்ல, அந்த காலத்துல வசதியான குடும்பம்னு காட்டிக்கிறதுக்கு அகழி வெட்டுற பழக்கம் இருந்துச்சு, இதுவும் அப்படித்தான்னு சொல்றாங்க. மாடில இருந்த கக்கூஸ் எல்லாம் நேரா இந்த அகழிலதான் விழுந்துச்சு, அந்த சின்ன அறைகள இப்பவும் பாக்கலாம், குழந்தைங்க வந்தா அங்கதான் ரொம்ப நேரம் நிக்கும்.

வீடு ஒரே மூச்சுல கட்டுனது இல்ல, இத மனசுல வச்சுக்கிட்டு உள்ள போனா எல்லாம் புரியும். மோர்ட்டன் குடும்பம் அந்த பகுதில 13ம் நூற்றாண்டுல இருந்தே இருந்தவங்க. 1348ல பிளேக் வந்து ஊர் ஊரா ஜனம் செத்தப்போ கேக்க ஆளில்லாத நிலத்த மலிவா வாங்கி சேத்துக்கிட்டாங்க, 16ம் நூற்றாண்டு நடுவுல அவங்க கிட்ட சுமார் 1,360 ஏக்கர் இருந்துச்சு, மாவு மில், பழத்தோட்டம், இரும்பு உருக்குற உலை எல்லாம் சேத்து. அந்த காசுல 1504ல இருந்து 1508 வரைக்கும் வில்லியம் மோர்ட்டன் பெரிய கூடத்தையும் கிழக்குப் பக்கத்துல ஒரு பகுதியையும் கட்டுனார். அவர் மகன், அவர் பேரும் வில்லியம்தான், 1546 வாக்குல மேற்குப் பக்கத்த மாத்தி கட்டி 1559ல அந்த பிரமாதமான ஜன்னல்கள வச்சார். பேரன் ஜான் 1560 வாக்குல வாசல் கட்டிடத்தோட தெற்குப் பக்கத்த எழுப்புனார். கடைசியா 1610 வாக்குல ஒரு சமையல்கட்டு, பியர் காய்ச்சுற இடம். அதோட நின்னு போச்சு. நூறு வருஷம், மூணு நாலு தலைமுறை, ஒவ்வொருத்தரும் தன் பங்குக்கு ஒட்டிக்கிட்டே போனதுதான் இந்த வீடு, அதனாலதான் எந்தப் பக்கமும் இன்னொரு பக்கத்தோட ஒத்துப் போகாது.

பாலம் தாண்டி வாசல் வழியா உள்ள போனா கல் பாவுன சின்ன முற்றம். இங்க நிறுத்துங்க அப்பாவ. எதிர்ல மூலைல ரெண்டு பெரிய ஜன்னல், ரெண்டு மாடி உயரத்துக்கு வெளிய புடைச்சுக்கிட்டு, ஒண்ணோட ஒண்ணு தோள் உரசுற மாதிரி நிக்கும். அதுக்கு மேல செதுக்கியிருக்குற எழுத்த அவருக்கு படிச்சு சொல்லுங்க. அர்த்தம் இதுதான்: எல்லாத்துலயும் எல்லாமா இருக்குறது கடவுள், இந்த ஜன்னல்கள் ஆண்டவரோட 1559ம் வருஷத்துல வில்லியம் மோர்ட்டனால செய்யப்பட்டது, தச்சன் ரிச்சர்ட் டேல் கடவுள் கிருபையால இந்த ஜன்னல்கள செஞ்சான். வீட்டுக்காரன் பேருக்கு பக்கத்துலயே தச்சன் பேரு! அந்த காலத்துல ஸ்பெல்லிங் எல்லாம் நிலையா இல்ல, தச்சன்ங்கற ஆங்கில வார்த்தைய கூட அவங்க பேசுன மாதிரியே ஒரு தினுசா செதுக்கியிருக்காங்க, அதப் பாக்கும்போது அந்த மனுஷன் உளியோட ஏணி மேல நின்னது அப்படியே கண்ணுல தெரியுது எனக்கு. ஐரோப்பா முழுக்க எத்தனையோ கோட்டை, மாளிகை, ராஜா பேரு தெரியும், கொத்தனார் பேரு தச்சன் பேரு தெரியாது. இங்க 450 வருஷத்துக்கு மேல அந்த பேரு மழைலயும் பனிலயும் நிக்குது.

சரி, இப்ப மரத்துக்கு வருவோம், அப்பாவுக்கு இதுதான் முக்கியம். மொத்தமும் ஓக் மரம். காய வச்ச மரம் இல்ல, பச்சை மரம். நம்ம பட்டறைல மரத்த அறுத்து அடுக்கி வருஷக்கணக்கா காய விட்டுத்தான் வேலைக்கு எடுப்போம், பச்சையா போட்டா முறுக்கிக்கும், வெடிக்கும், அப்பா கேட்ட உடனே முகம் சுளிப்பார். ஆனா பெரிய ஓக் உத்தரம் காய பல வருஷம் ஆகும், காஞ்சா உளி இறங்காத அளவுக்கு இரும்பு மாதிரி ஆயிடும், அதனால வெட்டுன மரத்த ஈரத்தோடயே கோடாரியும் மரம் செதுக்குற வாச்சியும் வச்சு சதுரப்படுத்தி, கழுந்து எடுத்து, துளை அடிச்சு சேத்துடுவாங்க. இரும்பு ஆணி கிடையாது, மர முளைதான். அந்த முளைய அடிக்கிறதுல ஒரு சூட்சுமம் இருக்கு. துளைச் சட்டத்துல போட்ட ஓட்டையும் கழுந்துல போட்ட ஓட்டையும் நேருக்கு நேரா இருக்காது, கழுந்துல உள்ள ஓட்டைய தோள் பக்கமா, அதாவது கழுந்து ஆரம்பிக்கிற பக்கமா, ஒரு நூல் தள்ளி போட்டிருப்பாங்க, முனை சீவுன முளைய அடிக்கும்போது அது கோணலா உள்ள போய் கழுந்த இழுத்து இறுக்கிடும், அதுக்கப்புறம் மரம் காஞ்சு சுருங்க சுருங்க இன்னும் பிடிப்பு கூடுமே தவிர குறையாது. அப்பா இதுக்கு ஒரு பேரே வச்சிருப்பார்னு நினைக்கிறேன், கேட்டுப் பாருங்க.

இன்னொண்ணு, சட்டத்த நேரா நின்ன இடத்துல கட்ட மாட்டாங்க. தரைல படுக்க வச்சு ஒவ்வொரு சுவரா பொருத்திப் பாத்து, எந்த மூட்டு எதோட சேரணும்னு ரோமன் எண்கள் மாதிரி கோடு கோடா கீறிட்டு, எல்லாத்தையும் பிரிச்சு, வண்டில ஏத்தி இடத்துக்கு கொண்டு வந்து, ஊர் ஆளுங்கள கூட்டி தூக்கி நிறுத்துவாங்க. வளைவெழுத்து கீற கஷ்டம், நேர்கோடு உளிய வச்சு ஒரு அடி அடிச்சா போதும், அதனாலதான் ரோமன் எண். இந்த மாதிரி பழைய மரச்சட்ட வீடு எங்க போனாலும் மூட்டுக்கு பக்கத்துல இந்த கீறல தேடிப் பாருங்க, வேலைல எனக்கு இத கண்டுபிடிக்கிற நாள் நல்ல நாள்.

வீடு நெளிஞ்சு நிக்கிறதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கு. பச்சை மரம் காயும்போது ஒவ்வொண்ணும் தன் இஷ்டத்துக்கு வளையும், ஆனா மூட்டு விடாது, அதனால மொத்த கூடும் சேந்து வளைஞ்சு ஒரு இடத்துல அமைதியாகும். கல் சுவர்னா இவ்வளவு அசைவுக்கு விரிசல் விட்டு விழுந்திருக்கும். மரச்சட்டம் கூடை மாதிரி, பாரத்த ஒரு மூலைல இருந்து இன்னொரு மூலைக்கு மாத்திக்கிட்டே இருக்கும்.

சட்டத்துக்கு நடுவுல உள்ள கட்டங்கள் எப்படி அடைச்சாங்கன்னா, அந்த காலத்து மரச்சட்ட வீடுகள்ல பொதுவா குச்சிய செங்குத்தா சொருகி, அதுக்கு குறுக்கால வளையுற குச்சிகள கூடை மாதிரி பின்னி, ரெண்டு பக்கமும் களிமண்ணு, சாணி, வைக்கோல் குழைச்சு அப்பி, மேல சுண்ணாம்பு பூசுறது. நம்ம ஊர்ல வரிச்சு கட்டி மண் வச்ச சுவர பாத்தவங்களுக்கு இத விளக்கவே வேண்டாம். பின்னாடி நிறைய வீட்டுல மண் உதிர்ந்த கட்டங்கள்ல செங்கல் வச்சுட்டாங்க.

ஒரு விஷயம் நான் எல்லார்கிட்டயும் சொல்றது, இந்த கருப்பு வெள்ளைய பாத்து அந்த காலத்துல இப்படித்தான் இருந்துச்சுன்னு நினைச்சுடாதீங்க. ஓக் மரத்த அப்பல்லாம் பொதுவா அப்படியே விட்டுடுவாங்க, வெயில் மழைல அது வெள்ளி மாதிரி சாம்பல் நிறத்துக்கு வந்துடும், பூச்சுக்கு அந்தந்த ஊர் மண் நிறம், காவியோ மஞ்சளோ. மரத்துக்கு தார் மாதிரி கருப்பு அடிச்சு நடுவுல பளிச்சுன்னு வெள்ளை அடிக்கிறது 19ம் நூற்றாண்டுல பரவுன ஃபேஷன். பாக்க அழகுதான், ஆனா மரத்துக்கு அது நல்லது இல்ல. தார், அதவிட மோசம் சிமெண்ட், ரெண்டும் ஈரத்த உள்ள பூட்டி வச்சிடும். சுண்ணாம்பும் மண்ணும் ஈரத்த வாங்கி வெளிய விட்டுடும். நான் வேலை செஞ்ச ஒரு சின்ன வீட்டுல முன்னாடி யாரோ கட்டத்துக்கெல்லாம் சிமெண்ட் பூசி விட்டுருந்தாங்க, வெளிய பாத்தா கல்லு மாதிரி கிண்ணுன்னு இருந்துச்சு, பூச்ச உடைச்சா பின்னாடி நானூறு வருஷம் நின்ன அடிச்சட்டம் விரல விட்டா மூக்குப்பொடி மாதிரி உதிருது. அன்னைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கல எனக்கு. நானூறு வருஷம் ஒண்ணும் ஆகாத மரத்த நல்லது செய்யறேன்னு முப்பது வருஷத்துல முடிச்சு விட்டுட்டாங்க.

இப்ப மாடிக்கு போவோம். தெற்குப் பக்கத்து உச்சில, மூணாவது மாடில, நீளக் கூடம் ஒண்ணு இருக்கு, 68 அடி நீளம், ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட முழுசா ஜன்னல். இந்த வீட்டோட அழகும் இதுதான் பிரச்சனையும் இதுதான். கட்டிட வரலாறு படிச்சவங்க என்ன சொல்றாங்கன்னா, இந்த கூடம் முதல் திட்டத்துலயே இல்ல, தெற்குப் பக்கம் வேலை ஆரம்பிச்சதுக்கு அப்புறம் சேத்துக்கிட்ட மாதிரி இருக்குன்னு. அந்த சமயத்துல பெரிய மனுஷங்க வீட்டுல எல்லாம் நீளக் கூடம் வைக்கிறது மோஸ்தரா இருந்துச்சு, மழை நாள்ல நடக்க, விளையாட, விருந்தாளிகளுக்கு காட்ட. இங்கயும் விளையாடியிருக்காங்க, பலகைக்கு பின்னாடி இருந்து 17ம் நூற்றாண்டு டென்னிஸ் பந்து எடுத்திருக்காங்க, யாரோ ஒரு பையன் அடிச்சு பலகை இடுக்குல விழுந்து தேடிப் பாத்துட்டு விட்டுட்டு போயிருப்பான். சரி, கூடம் வச்சாங்க, அதுக்கு மேல கூரை என்னன்னா ஓடு இல்ல, கனமான மணற்கல் பலகை. கீழ இருக்குற சட்டம் இந்த பாரத்துக்கு கணக்கு பண்ணுனது இல்ல. அந்த எடை மொத்தமும் கீழ் மாடித் தளங்கள அமுக்கி, உத்தரம் எல்லாம் வில்லு மாதிரி வளைஞ்சு, வெளிய இருந்து நாம பாத்த நெளிசல்ல பெரும்பங்கு இதனாலதான். மேல நடக்கும்போது கால்லயே தெரியும், தரை அலை மாதிரி ஏறி இறங்கும், ஒரு கோலிகுண்ட வச்சா எங்க போய் நிக்கும்னு சொல்ல முடியாது. பின்னாடி இரும்புக் கம்பி போட்டு இழுத்துக் கட்டியிருக்காங்க.

அந்த கூடத்தோட ரெண்டு கோடிலயும் மேல பாருங்க, சுண்ணாம்புச் சாந்துல செஞ்ச உருவம் ரெண்டு. ஒரு பக்கம் அதிர்ஷ்ட தேவதை சக்கரத்தோட, அந்த சக்கரத்த ஆட்டி வைக்கிறது அறியாமைன்னு எழுதியிருக்கும். எதிர்ப்பக்கம் விதி, அத ஆளுறது அறிவுன்னு எழுதியிருக்கும். இந்த படம் 1556ல ராபர்ட் ரெக்கார்ட் எழுதுன வானவியல் புத்தகத்தோட முகப்புல இருந்து எடுத்தது. ரெக்கார்ட் யாருன்னா, கணக்குல நாம போடுற சமக்குறி இருக்கு பாருங்க, ரெண்டு இணை கோடு, அத 1557ல முதல்ல அச்சுல போட்டவர் அவர்தான். செஷயர்ல ஒரு பண்ணைக்காரன் வீட்டு உச்சில, புதுசா வந்த அறிவியல் புத்தகத்தோட அட்டைய சுவர்ல செஞ்சு வச்சிருக்கான்னா அந்த மனுஷனுக்கு படிப்பு மேல எவ்வளவு ஆசை இருந்திருக்கணும்.

அம்மாவுக்கு மாடி கஷ்டம்தான், மறைக்காம சொல்றேன். படி குறுகல், செங்குத்து, மேல தரை சமம் இல்ல. ஆனா கீழயே பாக்க நிறைய இருக்கு, பெரிய கூடம், பார்லர்ங்கற குடும்பத்தோட உக்காந்து பேசுற அறை, சர்ச் மாதிரி ஒரு சின்ன வழிபாட்டு அறை. பார்லர்ல சுவர் மேல்பாகத்துல பைபிள் வட்டாரக் கதை ஒண்ண, சூசன்னாவும் கிழவர்களும், வரிசையா வரைஞ்சிருக்காங்க. குளிச்சிட்டு இருந்த பொண்ணு மேல ரெண்டு பெரிய மனுஷங்க அபாண்டமா பழி போட்டு, தானியேல்ங்கற பையன் ரெண்டு பேரையும் தனித்தனியா விசாரிச்சு பொய்ய உடைக்கிற கதை. இந்த ஓவியம் பிற்காலத்துல அடிச்ச மரப்பலகைக்கு பின்னாடி மறைஞ்சு கிடந்துச்சு, 1976லதான் பலகைய எடுத்தப்போ தெரிஞ்சுது. கதைய முன்னாடியே அம்மாகிட்ட சொல்லிட்டு கூட்டிட்டு போங்க, அவங்களே எந்த கட்டத்துல என்ன நடக்குதுன்னு கண்டுபிடிச்சிடுவாங்க. மேஜை நாற்காலின்னு பாத்தா இந்த வீட்டோட ஒரிஜினல் சாமான் மூணே மூணுதான் மிஞ்சியிருக்கு, ஒரு நீள சாப்பாட்டு மேஜை, ஒரு பெரிய அலமாரி, எட்டுப்பட்டை சட்டத்துல ஒரு வட்ட மேஜை. அந்த வட்ட மேஜையோட காலுப் பக்கம் அப்பா குனிஞ்சு பாக்கட்டும், தொடக்கூடாது.

ஜன்னல் கண்ணாடியையும் விட்டுடாதீங்க. வீடு முழுக்க சுமார் 30,000 குட்டி குட்டி கண்ணாடித் துண்டு, ஈயப் பட்டைல கோத்தது. அப்போ பெரிய கண்ணாடி ஊதி எடுக்க முடியாது, கிடைச்ச சின்ன துண்ட வச்சு சாய்சதுரம், நட்சத்திரம்னு ஒவ்வொரு ஜன்னலுக்கு ஒவ்வொரு டிசைன். சட்டம் நெளிஞ்சாலும் ஈயம் கூடவே வளைஞ்சு கொடுத்திருக்கு. வெயில் அடிக்கிற நேரம் ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு கோணத்துல மின்னும், முற்றத்துல ஒரு பெஞ்ச் கிடைச்சா அம்மா அங்க உக்காந்து இத பாத்துக்கிட்டே இருக்கலாம்.

வீடு ஏன் காலி, ஆனா ஏன் முழுசா இருக்குன்னு கேட்டீங்கன்னா பதில் ஒண்ணுதான், குடும்பம் நொடிச்சுப் போச்சு. 1640கள்ல ராஜாவுக்கும் பாராளுமன்றத்துக்கும் சண்டை வந்தப்போ மோர்ட்டன் குடும்பம் ராஜா பக்கம், சுத்தி இருந்த ஊரெல்லாம் பாராளுமன்றத்து பக்கம், வீட்ட பிடுங்கி சிப்பாய்ங்கள தங்க வச்சாங்க. வீடு திரும்பி வந்துச்சு, ஆனா கடன் தீரல, 1654ல அப்போதைய வில்லியம் சாகும்போது 3,000ல இருந்து 4,000 பவுண்டு கடன், அந்த காலத்துல அது பெரிய பணம். 1670கள் கடைசில குடும்பமே அங்க குடியிருக்கல, குத்தகைக்கு விட்டுட்டாங்க. மத்த பணக்காரங்க எல்லாம் பழைய மர வீட்ட இடிச்சிட்டு செங்கல்லயும் கல்லுலயும் தூண் வச்ச மாளிகை கட்டிக்கிட்ட காலத்துல இவங்க கிட்ட இடிச்சு கட்ட காசு இல்ல. குத்தகைக்கு வந்த விவசாயிங்களுக்கு கூரை ஒழுகாம இருந்தா போதும். 1847 வாக்குல பெரும்பாலான அறைல ஆளே இல்ல, வழிபாட்டு அறைல நிலக்கரி கொட்டி வச்சிருந்தாங்க, ஜன்னலுக்கு பலகை அடிச்சிருந்துச்சு, கூரை மரம் இத்துப் போயிருந்துச்சு.

அப்புறம் 1892ல எலிசபெத் மோர்ட்டன்னு ஒரு அம்மா கைக்கு வந்துச்சு, அவங்க ஆங்கிலிக்கன் கன்னியாஸ்திரி. வழிபாட்டு அறைய சீர் பண்ணி மறுபடி சாமான் போட்டு வச்சாங்க, நான் முன்னாடி சொன்ன இரும்புக் கம்பி வேலையும் அவங்க காலத்துல நடந்திருக்கலாம்னு சொல்றாங்க. 1912ல தன் உறவுக்காரர், டெர்பி பிஷப் சார்ல்ஸ் ஆபிரகாமுக்கு உயில் எழுதி வச்சாங்க, ஒரே ஒரு கண்டிஷன், வீட்ட விக்கவே கூடாது. அவர் ஆளுக்கு 6 பென்ஸ் வாங்கிட்டு பொதுமக்களுக்கு தொறந்து விட்டார், வந்தவங்கள சுத்திக் காட்டுனது அங்க 1841ல இருந்து குத்தகைக்கு இருந்த விவசாயக் குடும்பம். அவங்க குடும்பப் பேரும் டேல், ஜன்னல் செஞ்ச தச்சன் பேரும் டேல். சொந்தம்னு நான் சொல்லல, ஆனா அந்த முற்றத்துல நின்னு 6 பென்ஸ் வாங்கும்போது தலைக்கு மேல அந்த பேரு இருந்துச்சுங்கறது எனக்கு ஒவ்வொரு தடவையும் தோணும். 1938ல பிஷப்பும் அவர் மகனும் பழைய கட்டிடங்கள பாதுகாக்குற நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்கு கொடுத்துட்டாங்க. விக்கவே கூடாதுன்னு சொன்ன வார்த்தை காப்பாத்தப்பட்டுச்சு.

தோட்டம் அம்மாவுக்கு. அகழிக்கு உள்பக்கமே, நடக்க சுலபம். ஒரிஜினல் தோட்டம் எப்பவோ அழிஞ்சு போச்சு, இப்ப இருக்குறது 1972ல போட்டது, 1670ல வந்த ஒரு தோட்டக்கலை புத்தகத்துல இருந்த வரைபடத்த வச்சு. குட்டைச் செடிய வேலி மாதிரி வெட்டி விட்டு முடிச்சு முடிச்சா கோலம் மாதிரி அமைச்சிருப்பாங்க, கோலம் போடத் தெரிஞ்ச எந்த அம்மாவுக்கும் ஒரு நிமிஷத்துல கோடு எங்க ஆரம்பிச்சு எங்க வருதுன்னு பிடிபட்டுடும். அத உசரத்துல இருந்து பாக்கத்தான் அந்த காலத்துலயே மண்மேடு போட்டு வச்சிருக்காங்க, அகழிக்கு உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணு, ரெண்டும் பழசு. எப்பவும் பச்சையா இருக்குற யூ மரத்த வளைச்சு விட்ட ஒரு சுரங்கம் மாதிரி நடைபாதை, பழத்தோட்டத்துல ஆப்பிள், பேரி, க்வின்ஸ், மெட்லர். மெட்லர் நம்ம ஆளுங்க பாத்திருக்க மாட்டாங்க, பறிச்ச உடனே சாப்பிட முடியாது, அழுகுற பதத்துக்கு பழுக்க விட்டுத்தான் சாப்பிடணும். மே, ஜூன்ல பச்சை நல்லா இருக்கும், செப்டம்பர் கடைசி அக்டோபர்னா பழம் தொங்கும்.

போறதுக்கு கார்தான் வசதி. ட்ரெயின்னா கிட்ஸ்குரோவ் ஸ்டேஷன் கிட்ட, ஆனா அங்க இருந்து மூணு மைல் டாக்ஸி, திரும்ப வர்றதுக்கும் முன்னாடியே சொல்லி வச்சிடுங்க. வருஷம் முழுக்க எல்லா நாளும் தொறந்திருக்காது, கிளம்புறதுக்கு முன்னாடி நேஷனல் டிரஸ்ட் வெப்சைட்ல அந்த தேதிய பாத்துடுங்க. முற்றம் உருண்டைக் கல், அம்மாவுக்கு ஷூ போட்டு விடுங்க, செருப்பு வேண்டாம். சின்ன கேஃபே இருக்கு. அங்கங்க நிக்குற தன்னார்வலர்கள்ல நிறைய பேர் வயசானவங்க, கேள்வி கேட்டா மனசு நிறைஞ்சு பேசுவாங்க, அப்பா மர மூட்டு பத்தி கேக்குறத நீங்க மொழிபெயர்த்து சொல்லுங்க, அந்த பேச்சே ஒரு மணி நேரம் போகும்.

மதியத்துக்கு மேல நேரம் இருந்தா பக்கத்துலயே மவ் காப் குன்று, மேல 1754ல அழகுக்காகவே இடிபாடு மாதிரி கட்டுன ஒரு கோபுரம், அங்க இருந்து செஷயர் சமவெளி முழுசா தெரியும். அம்மா கார்லயே கிட்ட வரைக்கும் வரலாம்.

லிவர்பூல் ஸ்பீக் ஹால் பத்தியும் கேட்டிருந்தீங்க. அதுவும் மரச்சட்ட வீடு, 1530ல இருந்து நாரிஸ் குடும்பம் கட்டுனது, ஏர்போர்ட்டுக்கு பக்கத்துல இருக்கு, முற்றத்துல ஆதாம் ஏவாள்னு பேரு வச்ச ரெண்டு பெரிய யூ மரம், கத்தோலிக்க பாதிரியார ஒளிச்சு வைக்க பண்ணுன மறைவிடம் எல்லாம் உண்டு. உள்ள சாமான் நிறைய, 19ம் நூற்றாண்டு அலங்காரம், மழை நாளுக்கு அது நல்லது. 1795ல அத வாங்குன ரிச்சர்ட் வாட் ஜமைக்கா சர்க்கரைலயும் அடிமை வியாபாரத்துலயும் சம்பாதிச்சவர், அதையும் தெரிஞ்சுக்கிட்டு பாக்கணும். ஆனா ரெண்டையும் ஒரே நாள்ல போடாதீங்க, அப்பாவ நீளக் கூடத்துல இருந்து பாதில இழுத்துட்டு வர வேண்டியிருக்கும். அவருக்கு ஒரு சின்ன டார்ச் கொடுத்து விடுங்க, ஓக் ரொம்ப கருத்துப் போயிருக்கு, பக்கவாட்டுல இருந்து வெளிச்சம் அடிச்சாத்தான் வாச்சி பட்ட தழும்பும் முளைத் தலையும் தெரியும். ஓவியம் இருக்குற பார்லர்ல மட்டும் டார்ச் வேண்டாம்.